மானியம் கிடைத்தாகிவிட்டதே, இன்னும் ஏன் நன்கொடை கேட்கிறார்கள்?

சிங்கப்பூரில் ஏதோ ஓர் அறக்கட்டளை வட்டார அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது என்று செய்தி வரும். பட்டியலில் முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் குழு இருக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் குழு இருக்கும், கூடவே ஒரு நாய்க் காப்பகமோ பூனை நலச் சங்கமோ இருக்கும். உடனே மூன்று கேள்விகள் கிளம்பும். மனுஷருக்கே பணம் பத்தாத ஊரில் பூனைக்கு எதற்கு? இது யார் பணம், நம் வரிப்பணமா? மானியம் வாங்கின காப்பகம் அடுத்த மாதமே மறுபடியும் ஃபேஸ்புக்கில் உதவி கேட்கிறதே, வாங்கினதெல்லாம் எங்கே போனது?

மூன்று கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாவதுக்குச் சரியான பதில் தெரியாததால்தான், "அவங்களுக்குத்தான் மானியம் வருதே" என்று மாதம் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மானியம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தப் பத்து வெள்ளி ஏன் முக்கியம் என்பதும் தெரிந்துவிடும். அடிப்படையிலிருந்து போவோம்.

முதலில் இரண்டு சொற்கள்

நன்கொடை என்பது நீங்கள் ஓர் அமைப்பை நம்பிக் கொடுக்கும் பணம். தனியாக நிபந்தனை எதுவும் சொல்லாவிட்டால், அமைப்பு தன் நோக்கத்துக்குள் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்: வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம், மருந்து.

மானியம் என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும் பணம். "இந்த வட்டாரத்தில் இத்தனை பூனைகளுக்குக் கருத்தடை, 12 மாதத்துக்குள்" என்று எழுதியிருந்தால் அதற்கு மட்டும்தான். கல்யாண வீட்டில் மாமா "இது சாப்பாட்டுச் செலவுக்கு" என்று சொல்லிக் கொடுத்த பணத்தை எடுத்து மண்டப வாடகை கட்ட முடியுமா? அதே கதைதான், இங்கே கூடுதலாகக் கையெழுத்தும் கணக்காய்வும் உண்டு.

கணக்குப் புத்தகத்திலும் இவை இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். நிபந்தனையோடு வந்தது ஒரு நிதி, நிபந்தனை இல்லாமல் வந்தது இன்னொரு நிதி. முதலாவதில் ஐம்பதாயிரம் வெள்ளி இருக்கும்போதே இரண்டாவதில் அடுத்த மாத வாடகைக்குப் பணம் இல்லாமல் போகலாம். இது நிர்வாகக் கோளாறு இல்லை, சின்ன அமைப்புகளில் சாதாரணமாக நடப்பது.

யாருக்குக் கொடுக்கலாம்? மூன்று படிகள்

சிங்கப்பூரில் நல்ல காரியம் செய்கிற எல்லாருமே அறநிறுவனம் ஆகிவிடுவதில்லை. படிகள் இருக்கின்றன, மானியம் கொடுப்பவர் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்.

1. தனிநபர்களும் பதிவில்லாத குழுக்களும். அடுக்குமாடி புளோக் கீழே பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் அக்கா, தொழிற்பேட்டையில் தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேர். வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இவர்கள்தான். இவர்களுக்கென்று கணக்கும் கிடையாது, தலைவர் செயலாளரும் கிடையாது.

2. பதிவு பெற்ற அறநிறுவனம். சங்கமாகவோ உத்தரவாத வரையறை நிறுவனமாகவோ (பங்குதாரர் இல்லாமல், உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நடப்பது) அமைத்து, அறநிறுவன ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், அதில் இருவர் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி. பதிவு ஆகிவிட்டால் அமைப்பின் வருமானத்துக்கு வரி இல்லை. ஆண்டுதோறும் கணக்கையும் அறிக்கையையும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

3. ஐபிசி (Institution of a Public Character, பொதுநல அமைப்பு) தகுதி. இது அறநிறுவனங்களுக்குள் மேல்படி. இந்தத் தகுதி இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். நிரந்தரமும் கிடையாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒழுங்கு தவறினால் புதுப்பிக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. கோவில் அறநிறுவனமாகப் பதிவாகியிருக்கலாம், ஆனால் உண்டியலில் போடும் காணிக்கைக்கு வரிக்கழிவு கிடையாது. சமயப் பணி அறப்பணிதான், ஐபிசி கணக்கில் மட்டும் சேராது. நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு வரிக்கணக்கு நேரத்தில் ரசீதைத் தேடுபவர்கள் இதைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

விலங்கு நலம் இதில் எங்கே வருகிறது? வறுமை நீக்கம், கல்வி, சமயம் இந்த மூன்றையும் தாண்டி சமூகத்துக்குப் பயன்தரும் மற்ற நோக்கங்கள் என்று ஒரு பிரிவு உண்டு. சுகாதாரம், கலை, மரபுடைமை, சுற்றுச்சூழல், விளையாட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விலங்கு நலமும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே எஸ்பிசிஏ, பூனை நலச் சங்கம், ஏக்ரஸ், எஸ்ஓஎஸ்டி போன்ற விலங்கு நல அமைப்புகள் அறப்பணித் துறைக்குள் விருந்தாளியாக வந்தவை இல்லை, உரிமையோடு இருப்பவை.

பணம் யாருடையது?

"வரிப்பணமா?" என்றால், சில நேரம் ஆம், பல நேரம் இல்லை. ஊற்றுகள் பல.

முதலில் டோட் போர்டு. 1988-ல் அமைக்கப்பட்ட அரசாங்க வாரியம் இது. டோட்டோ, ஃபோர்டி லாட்டரிகளை விற்கும் சிங்கப்பூர் பூல்ஸின் உபரி இங்கேதான் போகிறது. சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய உள்ளூர்வாசிகள் கட்டும் கட்டணமும் (ஒரு நாளைக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு என்றால் 3,000 வெள்ளி) இங்கேதான். கிராஞ்சி குதிரைப் பந்தயமும் ஒரு காலத்தில் ஊற்றாக இருந்தது, 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தோடு அது முடிந்தது. இந்தப் பணத்திலிருந்து சமூக சேவை, கலை, விளையாட்டு, கல்வி என்று மானியங்கள் போகின்றன. அறநிறுவனம் தானாகத் திரட்டும் நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு கொடுக்கும் திட்டமும் இந்த வாரியத்திடம் உண்டு, அதற்கு உச்சவரம்பும் உண்டு.

அடுத்து அமைச்சுகளும் கழகங்களும். கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் 'எங்கள் சிங்கப்பூர் நிதி' 2016-ல் 25 மில்லியன் வெள்ளியோடு தொடங்கியது, குடிமக்கள் தாங்களே யோசித்துச் செய்யும் திட்டங்களுக்காக. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது எஸ்ஜி பங்காளித்துவ நிதியாக விரிந்தது, பெரிய திட்டங்களுக்கு 1 மில்லியன் வெள்ளி வரை கிடைக்கும். இதே அமைச்சிடம் அறநிறுவனங்களின் ஆற்றலை வளர்க்க இன்னொரு நிதி இருக்கிறது: பயிற்சி, கணக்கு எழுதும் சேவை, கணினி அமைப்பு இதற்கெல்லாம்.

மூன்றாவது தனியார் அறக்கட்டளைகள். 1952-ல் தொடங்கிய லீ அறக்கட்டளை போன்ற பழையவை, குடும்ப நிதிகள், நிறுவனங்களின் நிதிகள். சொந்தமாக அறக்கட்டளை நடத்த விரும்பாத வசதியானவர்களுக்கு 2008-ல் வந்த சிங்கப்பூர்ச் சமூக அறநிறுவனம் இருக்கிறது. அங்கே உங்கள் பெயரில் ஒரு நிதி தொடங்கலாம், எந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று சொல்லலாம், ஆராய்ந்து கொடுக்கும் வேலையை அவர்கள் செய்வார்கள்.

இப்போது "மனுஷரா பூனையா" கேள்விக்கு வரலாம். தேசிய சமூக சேவை மன்றத்தின் கம்யூனிட்டி செஸ்ட், 1983 முதல் நடப்பது, சமூக சேவை அமைப்புகளுக்கானது. அந்தப் பணம் நாய்க் காப்பகத்துக்குப் போகாது. சம்பளத்தில் மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே, அதுவும் போகாது, அது இந்தியச் சமூகத்தின் கல்விக்கும் குடும்ப உதவிக்கும். விலங்கு அமைப்புக்கு மானியம் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தத் துறைக்கென்றே தனியாக ஒதுக்கிவைத்தவர். பூனைக்குக் கொடுக்காமல் இருந்தால் அந்தப் பணம் தானாகத் தாத்தாவின் சாப்பாட்டுக்குப் போய்விடும் என்று நினைப்பது தவறு.

மானியத்தின் உள்கணக்கு

எங்கள் சிங்கப்பூர் நிதி தொடங்கியபோது இருந்த விதியையே எடுத்துக்கொள்வோம், கணக்குப் புரிய அது வசதி. ஏற்றுக்கொள்ளக்கூடிய செலவில் 80 விழுக்காடு வரை, உச்சவரம்பு 20,000 வெள்ளி. அப்படியென்றால் முழு 20,000 வெள்ளியும் வாங்க, திட்டத்தின் செலவு 25,000 வெள்ளியாக இருக்க வேண்டும். மீதி 5,000 அமைப்பின் கையிலிருந்து. 'ஏற்றுக்கொள்ளக்கூடிய' என்ற அந்தச் சொல்லுக்குள் வராத செலவுகள் தனி, அதுவும் அமைப்பின் தலையில்தான்.

அதாவது மானியம் வாங்குவதற்கே நன்கொடை வேண்டும். செய்தித் தலைப்பில் வராத விஷயம் இது.

இன்னும் சில முடிச்சுகள்:

1. பல மானியங்களில் முழுப் பணமும் முதலிலேயே வராது. கொஞ்சம் முன்பணம், வேலை நடந்த பிறகு அடுத்த தவணை, இறுதி அறிக்கை கொடுத்த பிறகு மிச்சம். சிலவற்றில் நீங்கள் முதலில் செலவழித்துவிட்டு ரசீதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் கால்நடை மருத்துவருக்கு யார் பணம் கட்டுவது?

2. வெள்ளிக்கு வெள்ளி ஈடு என்றால், முதல் வெள்ளியை நீங்கள் திரட்டியாக வேண்டும். பொதுமக்கள் கொடுத்த 10,000 இல்லாமல் ஈடாக வரும் 10,000 வராது. "அரசாங்கம்தான் கொடுக்கிறதே" என்று ஒருவர் தன் 100 வெள்ளியை நிறுத்தும்போது அமைப்புக்கு இழப்பு 200 வெள்ளி.

3. மானியம் கொடுப்பவர்களுக்குப் புதுத் திட்டம் பிடிக்கும். பதினைந்து வருஷமாக நடக்கும் பழைய வேலையைத் தொடர்ந்து நடத்தப் பணம் கேட்டால் உற்சாகம் குறைந்துவிடும். என் பார்வையில் இந்த முறையின் மிகப்பெரிய குறை இதுதான். பசிக்கிற நாய்க்குப் புதுமையான திட்டம் தேவையில்லை.

4. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். சம்பளம் வாங்கும் மேலாளர் இருக்கும் அமைப்பு எழுதிவிடும். பகலில் வேலைக்குப் போய், ராத்திரி கூண்டு சுத்தம் செய்யும் தொண்டூழியர்கள் மட்டும் இருக்கும் அமைப்பு கடைசி நாளைத் தவறவிடும். உதவி அதிகம் தேவைப்படுபவர்களுக்குத்தான் விண்ணப்பிக்க நேரம் குறைவு.

விலங்கு காப்பகத்தில் இது ஏன் இன்னும் கடினம்

ஒரே ஒரு பூனையின் கருத்தடையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வழக்கமாகச் சாப்பாடு வைப்பவர் அன்றைக்கு வைக்காமல் இருக்க வேண்டும், பசித்தால்தான் கூண்டுக்குள் போகும். டின் மீன் வாசனைக்கு அது உள்ளே போனதும் கூண்டின் மேல் துணி போட்டு மூடுவார்கள், இருட்டில் அமைதியாகும். இரவு யாராவது வீட்டில் வைத்திருக்க வேண்டும், காலையில் விலங்கு மருந்தகத்துக்கு. அறுவை சிகிச்சை, மைக்ரோசிப், அப்புறம் காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டுவார்கள். அடுத்த முறை யாரும் இதே பூனையைத் தவறிப் பிடித்துவிடாமல் இருக்க அதுதான் அடையாளம். பெண் பூனை என்றால் தையல் ஆறச் சில நாள் கூண்டில் வைத்து மருந்து கொடுத்து, பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வேறு இடத்தில் விட்டால் அங்கிருக்கும் பூனைகள் அடித்து விரட்டும்.

இதில் மானியத்தில் எளிதாக அடங்குவது எது? அறுவை சிகிச்சையும் சிப்பும். அவற்றுக்கு ரசீது உண்டு, எண்ணிக்கை உண்டு, அறிக்கையில் அழகாக எழுதலாம். பூனையை ஏற்ற ஒத்துக்கொள்ளும் வண்டிக்கான கட்டணம், துணி, சாப்பாடு, சளி பிடித்த பூனையை இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்த செலவு, இவையெல்லாம் யாரோ ஒருவரின் பர்ஸிலிருந்து போகும்.

நாய் விஷயம் இன்னும் நீளமானது. தெருவில் பிறந்த கலப்பின நாய்களை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அடோர் திட்டம் 2012-ல் வழி திறந்தது, ஆனால் உயர வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டின நாய்க்கு வீவக வீடு இல்லை. நம்மில் பெரும்பாலோர் இருப்பதோ வீவக வீட்டில். ஆக, பெரிதாக வளர்ந்த ஒரு நாய் காப்பகத்திலேயே வாழ்நாளைக் கழிக்கலாம், பத்து வருஷம், அதற்கு மேலும். மானியத்தின் ஆயுள் ஒன்றிரண்டு வருஷம். இந்த இரண்டு ஆயுளும் ஒட்டவே ஒட்டாது என்பதுதான் காப்பகங்களின் நிரந்தரப் பிரச்சினை. நிலவாடகையும் சும்மா இல்லை. நிலத்தை மறுமேம்பாட்டுக்கு எடுத்தபோது பாசிர் ரிஸ் பண்ணை வட்டாரத்திலிருந்த காப்பகங்கள் சுங்கை தெங்காவில் கட்டப்பட்ட விலங்குக் கட்டடத்துக்கு மாற வேண்டியிருந்தது. புது இடம் சுத்தமானது, சத்தம் குறைவு, மாதாமாதம் கட்டவேண்டிய தொகை மட்டும் காப்பகத்தை விட்டுப் போவதில்லை.

அரசாங்கம் ஒதுங்கி நிற்கிறது என்று சொல்லவில்லை. 2018-ல் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடிக்கொடுப்பது அல்லது விட்டுப் பராமரிப்பது என்ற திட்டம் விலங்கு நலக் குழுக்களோடு சேர்ந்து தொடங்கியது, ஐந்து வருஷத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை என்ற இலக்கோடு. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடை உதவியும் அதோடு வந்தது. இத்தனையும் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் வரும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை வழியாக நடக்கிறது. ஆனால் பூனையைப் பிடித்துக் கொண்டுவரும் கைகள் அமைப்புகளின் கைகள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலங்கு உதவியும் மனித உதவியும் புளோக்கில் போய்ப் பார்த்தால் இரண்டாகப் பிரியாது. ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம் கருத்தடை செய்யாத இரண்டு பூனை இருந்தால், கொஞ்ச காலத்தில் பத்து ஆகும். நாற்றம், அக்கம்பக்கத்துச் சண்டை, புகார், கடைசியில் பாட்டி ஆஸ்பத்திரிக்கே போக மறுப்பார், "நான் போனால் இதுங்களை யார் பார்ப்பார்கள்" என்று. அங்கே முதலில் கதவைத் திறக்க வைப்பது பல சமயம் பூனைச் சங்கத்துத் தொண்டூழியர்தான், சமூக சேவை ஊழியர் பிறகுதான் உள்ளே போக முடிகிறது.

இவ்வளவு காகிதம் எதற்கு?

காரணம் இருக்கிறது. 2005-ல் தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்தது. நன்கொடையில் நடக்கும் அமைப்பின் தலைமை அலுவலகத்தில் தங்க முலாம் பூசிய குழாய் என்ற செய்தியை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் இறுகியது, 2007-ல் அறநிறுவன மன்றமும் நிர்வாக நெறிமுறையும் வந்தன. நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் ஐபிசிகளைக் கட்டுப்படுத்துகிறது. இந்தக் கட்டுப்பாடுகள் தேவைதான், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நூறு ஊழியர் உள்ள அமைப்புக்கும் ஆறு தொண்டூழியர் உள்ள காப்பகத்துக்கும் சுமை ஒன்றுபோல இறங்காது. சின்ன மானியத்துக்குச் சின்னப் படிவம் போதும் என்று கொடுப்பவர்கள் முடிவெடுத்தாலே நிறைய மாறும்.

வரிக்கழிவு எவ்வளவு மிச்சம் பண்ணும்?

ஐபிசிக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு. 2023 வரவுசெலவுத் திட்டம் இதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி திரும்பி வரும் என்று நினைக்கக்கூடாது. உங்கள் வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழியும், அவ்வளவுதான். உங்கள் வருமானத்தின் மேல்படிக்கு விழும் வரிவிகிதம் 7 விழுக்காடு என்றால் 17 வெள்ளி 50 காசு மிச்சம். 24 விழுக்காடு என்றால் 60 வெள்ளி. வரியே கட்டாத அளவு சம்பளம் வாங்குபவருக்கு ஒன்றும் இல்லை. கழிவு தானாகச் சேர வேண்டுமானால் அடையாள அட்டை எண்ணை அமைப்பிடம் கொடுத்திருக்க வேண்டும். விலங்குகளை மீட்கும் தனிநபரின் பேநவ் (கைபேசிப் பணமாற்று) எண்ணுக்கு அனுப்பினால் கழிவு கிடையாது. அதனால் அவர் ஏமாற்றுக்காரர் என்று ஆகிவிடாது, ஆனால் அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அவரை உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும்தான். மருந்தகத்தின் கணக்கில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள், நேர்மையானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை

1. அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் அமைப்பின் பெயரைத் தட்டுங்கள். பதிவு இருக்கிறதா, ஐபிசி தகுதி எந்தத் தேதி வரை, கடைசி ஆண்டறிக்கை வந்திருக்கிறதா என்று தெரியும்.

2. ஆண்டறிக்கையில் மொத்த இருப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நிபந்தனையில்லாத நிதி எவ்வளவு, அது எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும் என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குக்கூடத் தாங்காது என்றால், மானியம் வாங்கியும் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு அதுவே பதில். பல வருஷத்துக்குத் தாங்கும் என்றால், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று எழுதிக் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

3. "என் பணம் முழுக்க விலங்குக்கு மட்டும்தான் போகவேண்டும், வாடகைக்குப் போகக்கூடாது" என்ற நிபந்தனையைத் தயவுசெய்து போடாதீர்கள். வாடகை கட்டாத கூரைக்குக் கீழே எந்த நாயும் இருக்க முடியாது. "பொதுச் செலவுக்கு" என்று எழுதிவிடுங்கள்.

4. ஒரே தடவையாக 120 வெள்ளி கொடுப்பதும் மாதம் 10 வெள்ளி கொடுப்பதும் கூட்டினால் ஒன்றுதான். ஆனால் மாதாமாதம் வரும் என்று தெரிந்தால்தான் அமைப்பு ஓர் ஊழியரை வேலைக்கு எடுக்கும், மருந்தகத்தோடு விலை பேசும். மானியம் முடிந்த மறுமாதமும் அந்தப் பத்து வெள்ளி வந்துகொண்டிருக்கும்.